சிவப்புப் படம், நீலப் படம்: வடசென்னையில் ஒரு கேலக்ஸி பேனர் தயாரான விதம்

## பின்னணி

காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் நடுவே ஒரு இலவச மாலைநேரப் படிப்பகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன், கல்லூரி மாணவர்களுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகங்கள், ஞாயிறுதோறும் அறிவியல் கூட்டம். 2025 கோடையில் அங்கே வரும் பிள்ளைகள் பக்கத்துச் சமுதாய நலக்கூடத்தில் ஒரு அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அதில் ஒரு மேசை வானியலுக்கு. பொறுப்பேற்ற நால்வரும் இளநிலை இயற்பியல் மாணவர்கள், இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். நான் அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். அவர்களுக்குத் துணையாக இருந்தேன். யாருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை.

தெர்மாகோல் சூரியக் குடும்பம் வேண்டாம் என்பதில் நால்வரும் உறுதியாக இருந்தார்கள். பிரபஞ்சத்தில் பொருள் எங்கெங்கே எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதை உண்மையான தரவிலிருந்து தாங்களே வரைந்து, பத்தடி பேனராக மாட்ட வேண்டும் என்பது திட்டம். தலைப்பும் முடிவாகியிருந்தது: ‘பிரபஞ்சத்தின் பொருள் வரைபடம்’. அந்தத் தலைப்பு கடைசிவரை நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

சிக்கல் எங்கே என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். அது ஒளி விடாது, ஒளியை மறைக்கவும் செய்யாது. ஈர்ப்பின் மூலம் மட்டுமே தெரியவரும். மீதியுள்ள சாதாரணப் பொருளிலும் பெரும்பகுதி மெலிந்த வாயுவாகப் பரவிக் கிடக்கிறது. நட்சத்திரமாகி நம் தொலைநோக்கிக்கு எட்டுவது கொஞ்சம்தான். கேலக்ஸிகளைக் குறித்துப் படம் வரைவது என்றால், அந்தக் கொஞ்சத்தை எண்ணி மொத்தத்தை ஊகிக்கிறோம் என்று அர்த்தம்.

## தரவு எடுத்த விதம்

ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வின் தரவை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அபாச்சி பாயிண்ட் மலைமேல் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி 2000-இல் தொடங்கிய பணி அது. வானைப் படம்பிடித்துவிட்டு, அதிலிருந்து தேர்ந்தெடுத்த கேலக்ஸிகளின் நிறமாலையைத் தனியாக எடுப்பார்கள். நிறமாலையிலிருந்து செம்பெயர்ச்சி (விலகிப்போகும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு), செம்பெயர்ச்சியிலிருந்து தூரம்.

மாணவர்களை வியக்க வைத்தது அந்த ஆய்வின் கைவேலைதான். ஒவ்வொரு வான்பகுதிக்கும் ஒரு வட்ட அலுமினியத் தகடு. எந்தெந்த இடத்தில் கேலக்ஸி இருக்கிறதோ அங்கெல்லாம் துளை. ஆரம்பக் காலத்தில் ஒரு தகட்டில் 640 துளை; பகலில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒளியிழையைக் கையால் செருகுவார்கள். இரண்டு இழைகளை 55 வில்வினாடிக்கு (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்குதான் ஒரு வில்வினாடி) நெருக்கமாக வைக்க முடியாது. அதனால் நெருக்கமாக நிற்கும் ஜோடிகளில் ஒன்று விட்டுப்போகும். முதன்மைப் பட்டியலில் நூற்றுக்கு ஆறேழு கேலக்ஸிகளுக்கு இப்படித்தான் தூரம் கிடைக்காமல் போனது. இது பின்னால் முக்கியமாகும்.

வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையை எடுத்தார்கள். ஆழம் செம்பெயர்ச்சி 0.15 வரை, அதாவது சுமார் 200 கோடி ஒளியாண்டு. முப்பதாயிரத்தை ஒட்டிய கேலக்ஸிகள். ஒருவரின் அண்ணனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பும் இணையத்தில் கிடைக்கும் பைத்தானும் போதுமானதாக இருந்தன.

## முதலில் கண்ணில் பட்டவை

விசிறி வடிவத்தில் படம் வந்தது. நுனியில் நாம், விரிந்துகொண்டே போகும் பக்கம் தொலைவு. கேலக்ஸிகள் நூல் நூலாகவும் முடிச்சு முடிச்சாகவும் நின்றன; நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்கள். சுமார் 100 கோடி ஒளியாண்டு தொலைவில் குறுக்கே ஒரு நீளமான திரள் ஓடியது. 2003-இல் அறிவிக்கப்பட்ட ஸ்லோன் பெருஞ்சுவர் அது. நீளம் 137 கோடி ஒளியாண்டு. தாங்கள் வரைந்த படத்திலேயே அது தெரிந்ததும் அன்று வேறு வேலை ஓடவில்லை.

அடுத்த நாள் சந்தேகங்கள் வந்தன. தொலைவு கூடக் கூடப் புள்ளிகள் குறைந்துகொண்டே போயின. நம்மைச் சுற்றி மட்டும் பொருள் அதிகமா? இதற்கு விடை எளிது. ஸ்லோனின் முதன்மைப் பட்டியல் ஆர் (சிவப்பு) நிறவடிகட்டியில் 17.77 ஒளிப்பொலிவைவிட வெளிச்சமானவற்றை மட்டும் சேர்க்கிறது; இந்த அளவில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். கிட்டே உள்ளவற்றில் மங்கலானதும் தேறும்; தூரத்தில் உள்ளவற்றில் பிரகாசமானது மட்டும் தேறும்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் விநோதமானது. முடிச்சுகள் எல்லாம் வட்டமாக இல்லாமல், நீண்ட கோடுகளாக நம்மை நோக்கியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரபஞ்சத்துக்கு நம்மைத் தெரியவே தெரியாது. அப்புறம் எதற்கு நம்மைச் சுட்டிக் காட்டுகிறது? காரணம், தூரத்தை நேராக அளக்காமல் வேகத்திலிருந்து கணக்கிடுகிறோம். கேலக்ஸிக் கொத்துக்குள் உறுப்பினர்கள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் இங்கும் அங்கும் பாய்கின்றன. அந்த வேகமும் செம்பெயர்ச்சியில் கலந்துவிடுகிறது. ஒன்றிரண்டு கோடி ஒளியாண்டு அகலமே உள்ள கொத்து, நம் பார்வைக் கோட்டில் முன்னும் பின்னும் நாலரைக் கோடி ஒளியாண்டு வரை இழுபட்டுத் தெரிகிறது. ஆய்வாளர்கள் இதைக் கடவுளின் விரல்கள் என்கிறார்கள். படத்தைக் கோணலாக்குவது என்னவோ உண்மை. ஆனால் 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில் இதே வேகங்களைப் பார்த்துத்தான், கண்ணுக்குத் தெரியும் பொருள் இவற்றைக் கட்டிப்போடப் போதாது, தெரியாத பொருள் நிறைய இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். இதைச் சொன்ன பிறகு அந்தக் கோடுகளைச் ‘சரிசெய்ய’ யாரும் கேட்கவில்லை.

## ஒரே வானம், இரண்டு படம்

உண்மையான தகராறு மூன்றாவது வாரம் வாக்கில் வந்தது. வேலையைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நிறத்தை வைத்துச் சிவப்புக் கேலக்ஸிகளைத் தனியாக எடுத்து வரைந்தான். ஒரு மாணவி நீலத்தைத் தனியாக எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வானம் என்று சட்டென்று நம்ப முடியாது. சிவப்புப் படத்தில் முடிச்சுகள் பளிச்சென்று, நூல்கள் இறுக்கமாக. நீலப் படம் கலைந்து பரவிக் கிடந்தது. கொத்துகளின் மையம் பல இடங்களில் காலியாகவே இருந்தது.

“சார், இதுல எது பொருள் படம்?”

அவன் வாதம்: சிவப்புதான் அழகாக இருக்கிறது, அமைப்பு தெளிவாகத் தெரிகிறது, அதையே போடலாம். அவள் வாதம்: அமைப்பு தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக அதுதான் உண்மை என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டையும் சேர்த்தே போட்டால் போச்சு என்று மூன்றாமவர் சொன்னார். ஆனால் சேர்ப்பதிலும் விகிதம் இருக்கிறது. ஆர் வடிகட்டியில் எல்லை போட்டால் ஒரு விகிதம், புற ஊதாவில் போட்டால் இன்னொரு விகிதம். ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலையை வைத்துத் தேடினால் கிடைப்பவை நீலத்தைவிடவும் பரவலாக நிற்கும். ‘எல்லா கேலக்ஸிகளும்’ என்று ஒரு பட்டியல் யாரிடமும் கிடையாது.

நிறத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவு பழைய செய்தி. நெருக்கமான இடங்களில் நீள்வட்டக் கேலக்ஸிகள் கூடுகின்றன, சுருள் கேலக்ஸிகள் குறைகின்றன என்று ஆலன் டிரெஸ்லர் 1980-இல் கொத்து கொத்தாக எண்ணிக் காட்டினார். கொத்துக்குள் விழும் கேலக்ஸியின் வாயுவை அங்குள்ள சூடான வாயு உரித்துவிடுகிறது. புது நட்சத்திரம் பிறப்பது நின்றுபோய், பழைய சிவப்பு நட்சத்திரங்கள் மிஞ்சுகின்றன.

ஆனால் வாயு உரிப்பு பாதிக் காரணம்தான். இன்னொரு பாதியை நிக் கைசர் 1984-இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். கரும்பொருள் ஓரளவு அடர்த்தியைத் தாண்டிய இடத்தில்தான் சரிந்து கட்டியாகிறது. அந்தக் கட்டிகளுக்குள்தான் வாயு குளிர்ந்து கேலக்ஸி பிறக்கிறது. ஒரு பெரிய வட்டாரமே சராசரியைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால், அங்கே உள்ள சின்னச் சின்ன மேடுகளில் பல அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அடர்த்தி குறைந்த வட்டாரத்தில் அதே உயர மேடுகள் தாண்டாமல் நின்றுவிடும். பொருளில் சிறு ஏற்றத்தாழ்வு, கட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய ஏற்றத்தாழ்வாகிவிடுகிறது. கட்டி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு இந்த மிகைப்பு. இதைத்தான் சாய்வு என்கிறார்கள்: சாய்வு 1 என்றால் பொருளின் ஏற்ற இறக்கம் அப்படியே, 2 என்றால் இரட்டிப்பாக.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கண்ணால் பார்த்துச் சண்டை போடுவதை நிறுத்தி எண்ணிப் பார்ப்பது என்று முதலில் முடிவாயிற்று. அதற்கு முன் பட்டியலைச் சீராக்க வேண்டும். செம்பெயர்ச்சி 0.1-ஐத் தாண்டியவற்றை வெட்டினார்கள். அந்த எல்லையில் இருந்தாலும் பட்டியலுக்குள் வந்திருக்கும் அளவுக்குப் பிரகாசமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பட்டியலில் பெரும்பகுதி போயிற்று. அழகான மங்கல் கேலக்ஸிகள் எல்லாம் போகிறதே என்று ஒருவனுக்கு மனசே இல்லை. ஆனால் அப்படி வெட்டினால்தான் கிட்டேயும் தூரத்திலும் ஒரே விதி.

பிறகு ஜோடி எண்ணிக்கை. அதே விசிறிக்குள் கண்டபடி தூவிய போலிப் புள்ளிகளை உருவாக்கி, குறிப்பிட்ட இடைவெளியில் எத்தனை ஜோடி கிடைக்கிறது என்று எண்ணுவது. கேலக்ஸிகளிலும் அதையே எண்ணி ஒப்பிடுவது. மூன்று கோடி ஒளியாண்டு இடைவெளியில், போலிப் புள்ளிகளைவிடச் சிவப்பில் இரண்டேகால் மடங்கு ஜோடிகள் கிடைத்தன. நீலத்தில் ஒன்றரை மடங்கு. மிகுதியை, அதாவது ஒன்றுக்கு மேல் உள்ளதை மட்டும் பார்த்தால் சிவப்பு நீலத்தைப்போல் இரண்டரை மடங்கை ஒட்டி வருகிறது. ஜோடி மிகுதி சாய்வின் வர்க்கமாகப் போகும்; ஆக, நீலத்தோடு ஒப்பிட்டால் சிவப்பின் சாய்வு சுமார் ஒன்றரை மடங்கு. வெளியான ஆய்வுகள் சொல்வதும் இந்த அளவில்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் தரும். பொருளோடு ஒப்பிட்டால் எது எவ்வளவு என்பதை கேலக்ஸிகளை மட்டும் எண்ணிச் சொல்லிவிட முடியாது. அதற்கு ஈர்ப்பை நேராக உணரும் அளவு வேண்டும்: பின்னால் உள்ள கேலக்ஸிகளின் உருவத்தை முன்னால் உள்ள பொருள் வளைப்பதை அளக்கும் ஈர்ப்பு வில்லை முறை, அல்லது கேலக்ஸிகள் அடர்ந்த இடத்தை நோக்கிச் சரியும் வேகம், அல்லது மும்மூன்றாக எண்ணும் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நடந்த 2 டிகிரிப் புல ஆய்வின் கேலக்ஸிகளை வைத்து 2002-இல் செய்த கணக்குகள், பெரிய அளவுகளில் பொதுவான கேலக்ஸிகளின் சாய்வு 1-ஐ ஒட்டி இருப்பதாகக் காட்டின. ஆகவே கேலக்ஸி வரைபடம் பொய் என்று பயப்பட வேண்டியதில்லை. எந்த வகை, எந்த அளவு என்று சொல்லாமல் காட்டினால்தான் தவறாகப் போகும்.

இதன் பிறகு பேனர் முடிவுகள் தாமாகவே வந்தன. மூன்று படங்கள் பக்கத்தில் பக்கத்தில்: எல்லாம் சேர்ந்தது, சிவப்பு மட்டும், நீலம் மட்டும். ஆய்வு பார்க்காத வான்பகுதிகளுக்குச் சாம்பல் நிறம், ‘காலி’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. வெற்றிடங்களிலும் சராசரியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பொருள் இருக்கும் என்று ஒரு வரி. தலைப்பு ‘17.77-ஐவிட வெளிச்சமான கேலக்ஸிகள் எங்கே நிற்கின்றன?’ என்று மாறியது. தலைப்பா இது, ரேஷன் கடை நோட்டீஸா என்று படிப்பகப் பொறுப்பாளர் கேட்டார். நால்வரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டதில் அவர்களுக்கு வருத்தம். 2017-இல் புனே வானியலாளர்கள் அறிவித்த சரஸ்வதி மாபெருங்கொத்தைப் பேனரில் சேர்க்க ஆசைப்பட்டார்கள். அதுவும் ஸ்லோன் தரவிலிருந்துதான் வந்தது. ஆனால் அது சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில், வேறு திசையில். சேர்த்திருந்தால் அழகுக்காகச் சேர்த்ததாகத்தான் இருந்திருக்கும்.

## பேனர் அச்சாகி வந்தபோது

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்தார்கள். கறுப்புப் பின்னணி, சிவப்புப் புள்ளிகள், நீலப் புள்ளிகள். லேப்டாப் திரையில் பிரமாதமாக இருந்தது. அச்சாகி வந்ததைத் தரையில் விரித்தபோது சிவப்புப் படம் அப்படியே இருந்தது. நீலப் படம் ஏறக்குறைய வெறும் கறுப்பு. திரையில் நீலம் ஒளி. ஃப்ளெக்ஸில் அது மை; சுற்றியுள்ள கறுப்பு மை கசிந்து சின்ன நீலப் புள்ளிகளை விழுங்கிவிட்டது. மூன்றடி தள்ளி நின்றால் ஒன்றுமே தெரியவில்லை. ‘எல்லாம் சேர்ந்தது’ என்ற படமும் சிவப்புப் படத்தின் பிரதி மாதிரி ஆகிவிட்டது. பார்க்க வருபவருக்கு எதைத் தெளிவாக்க வேண்டும் என்று இவ்வளவு நாள் பாடுபட்டார்களோ, அதை அச்சு இயந்திரம் தன் பங்குக்கு மறுபடியும் புரட்டிப் போட்டுவிட்டது. நீல அணி மாணவிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இருப்பது இருக்கட்டும், வாயால் விளக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை ஏற்கவில்லை, பேனரை ஆள் இல்லாத நேரத்திலும் ஜனம் பார்க்கும். வெள்ளைப் பின்னணியில், மூன்று படங்களுக்கும் ஒரே அளவு கறுப்புப் புள்ளிகள் போட்டு மறுபடி அச்சடித்தார்கள். நிறம் எழுத்தில் மட்டும். கடைக்காரர் பாதிப் பணம்தான் வாங்கிக்கொண்டார். படம் பார்க்கச் சுமாராக இருந்தது, ஆனால் ஒப்பிட முடிந்தது.

## கண்காட்சி நாளில்

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால், கூட்டத்தில் மீனவர்கள் நிறையப் பேர். ஒரு மாணவியின் அப்பாவும் வந்தார். விசிறிப் படத்தை, அதாவது வெட்டுவதற்கு முந்தையதை, மேசைமேல் சின்னதாக ஒட்டியிருந்தார்கள். அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார் (ஃபைபர் என்பது சின்னப் படகு, லாஞ்சு பெரிய விசைப்படகு):

“ராத்திரி கரையில நின்னு பார்த்தா இப்படித்தாம்மா. கிட்டக்க ஃபைபர் லைட்டும் தெரியும், லாஞ்சு லைட்டும் தெரியும். தூரத்துல லாஞ்சு மட்டுந்தான்.”

“அப்போ லாஞ்சு நிக்கிற எடத்துல மீன் இருக்கும் இல்லப்பா?”

“இருக்கும். அதுக்காக லாஞ்சை எண்ணி மீனை எடை போட்டுருவியா? நல்ல எடம்னா பத்து லாஞ்சு முண்டும். சுமாரான எடத்துல மீன் கெடக்கும், ஒருத்தனும் போவ மாட்டான்.”

அதன் பிறகு அந்த மேசையில் எல்லோருக்கும் இதுதான் விளக்கம். எனக்குச் சின்னத் தயக்கம் இருந்தது. லாஞ்சு மீனைத் தேடி வருகிறது. கேலக்ஸி பொருள் குவிந்த இடத்திலேயே பிறக்கிறது. ஆனாலும் நெருக்கம் கூடக் கூட எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுவதும், நெருக்கமில்லாத இடம் எண்ணிக்கையில் காணாமலே போவதும் இதில் சரியாக வருகிறது. தடுக்கவில்லை.

கடினமான கேள்வி, விருந்தினராக வந்த ஒரு கல்லூரி ஆசிரியரிடமிருந்து வந்தது. கேலக்ஸிகள் பொருளைச் சரியாகக் காட்டாது என்றால் இவ்வளவு கோடி செலவில் எதற்கு எண்ணுகிறார்கள்? சிவப்பு அணி மாணவன் பதில் சொன்னான், நன்றாகவே சொன்னான். சாய்வு ஏற்ற இறக்கத்தின் உயரத்தைத்தான் மாற்றும், அது எந்த இடைவெளியில் வருகிறது என்பதை ஏறக்குறைய மாற்றாது. பிரபஞ்சத்தின் ஆதிகாலச் சூடான வாயுவில் பரவிய ஒலி அலைகள் கேலக்ஸிகளுக்கிடையே சுமார் 49 கோடி ஒளியாண்டு இடைவெளியில் ஒரு சிறு மிகுதியை விட்டுப்போயிருக்கின்றன. அதை 2005-இல் ஸ்லோன் குழு கண்டுபிடித்தது 46,748 பிரகாசமான சிவப்புக் கேலக்ஸிகளை வைத்துத்தான். சாய்வு அதிகம் என்பதால் அவற்றில் சமிக்ஞை பலமாகத் தெரியும்; பிரகாசம் என்பதால் தொலைவு வரை எட்டும். குறை என்று நினைத்தது அங்கே உதவி. ஆசிரியர் அடுத்து, கரும்பொருள் என்று ஒன்றே இல்லாமல் ஈர்ப்பு விதி தப்பாக இருந்தால் என்று கேட்டார். இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் மோதிக்கொண்ட புல்லட் கொத்தில், மோதலுக்குப் பின் சூடான வாயு நடுவில் தங்கிவிட, ஈர்ப்பு வில்லை காட்டும் நிறை கேலக்ஸிகளோடு போய்விட்டது 2006-இல் தெரியவந்ததை நீல அணி மாணவி சொன்னாள். சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயுதான், நிறை அங்கே இல்லை. அவர் முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போனார்.

## பிறகு நடந்தது

பேனர் இப்போது படிப்பகத்தின் பின்சுவரில் இருக்கிறது. நீல அணி மாணவி அதே ஜோடி எண்ணிக்கையை டெசி ஆய்வின் தரவில் செய்து பார்ப்பதைத் தன் கல்லூரி புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கியில், கையால் செருகுவதற்குப் பதில் 5,000 ரோபோ இழைகளை வைத்து நடக்கும் ஆய்வு அது. 2025 மார்ச்சில் முதல் தொகுப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அவர்கள் சிவப்புக் கேலக்ஸிகளையும், புது நட்சத்திரங்கள் பிறப்பதால் ஒளிரும் கேலக்ஸிகளையும், குவேசார்களையும் (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரக் கேலக்ஸி மையங்கள்) தொடக்கத்திலிருந்தே தனித்தனிப் பட்டியலாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் அவளுக்கு ஒரு வெற்றிப் புன்னகை. மற்ற மூவரில் ஒருவன் போட்டித் தேர்வுப் பக்கம் போய்விட்டான்.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

போலிப் புள்ளிகளைத் தூவும்போது விசிறியின் வெளி எல்லையை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். உள்ளே பிரகாசமான நட்சத்திரங்கள் மறைக்கும் சிறு ஓட்டைகள் உண்டு. ஆய்வுக் குழுவே அவற்றையெல்லாம் கழித்துத் தயாரித்த போலிப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும். இழை நெருக்கத்தால் விட்டுப்போன ஜோடிகளுக்கும் திருத்தம் செய்யவில்லை. அந்த இழப்பு கொத்துகளின் மையத்தில்தான் அதிகம், அங்கே இருப்பவை சிவப்பு. ஆகவே மிகச் சிறிய இடைவெளிகளில் சிவப்பின் எண் உண்மையைவிடக் குறைவாக வந்திருக்கும். மூன்று கோடி ஒளியாண்டில் பாதிப்பு சிறியது.

ஃப்ளெக்ஸ் கடையில் முழு பேனருக்கு முன் ஒரு அடி மாதிரி அச்சடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெரிய மாற்றம், நான்காவது படம் ஒன்று. ஈர்ப்பு வில்லையால் வரைந்த நிறை வரைபடத்தைக் கேலக்ஸிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நால்வரும் கேட்கிறார்கள். 2021-இல் கரும் ஆற்றல் ஆய்வு என்ற வான் ஆய்வுத் திட்டம் பத்துக் கோடி கேலக்ஸிகளின் உருவத்தை அளந்து, வானில் எட்டில் ஒரு பங்குக்கு அப்படி ஒரு வரைபடம் வெளியிட்டது. ஆனால் அதை அப்படியே எடுத்து நம் விசிறிக்குப் பக்கத்தில் மாட்ட முடியாது. வில்லை முறை, பின்னணிக் கேலக்ஸிக்கும் நமக்கும் நடுவழியில் உள்ள பொருளைத்தான் நன்றாக உணரும். நம் விசிறி நூற்று முப்பது கோடி ஒளியாண்டில் முடிந்துவிடுகிறது. வில்லை வரைபடம் பெரும்பாலும் அதற்கு அப்பால் உள்ளதைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிப் பேச வேண்டுமானால் கேலக்ஸிப் படத்தை இன்னும் ஆழமாகக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு ஆழத்தில் 17.77 எல்லைக்குள் கேலக்ஸிகள் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும், மிஞ்சுவது தனியாகத் தேர்ந்தெடுத்த பிரகாசமான சிவப்பு வகை. அதன் சாய்வு 2-ஐ ஒட்டியது. அந்த எண்ணைப் பேனரில் எங்கே, எவ்வளவு பெரிய எழுத்தில் போடுவது என்பதில் இப்போதே இரண்டு கட்சி இருக்கிறது.